கொல்லைப்புறக் குளம்: ஆளை எப்போது கூப்பிடுவது?

குளம் வெட்டுவது என்று முடிவானதும் எங்கள் வீட்டில் நடந்த வாக்குவாதமெல்லாம் வடிவத்தைப் பற்றித்தான். வட்டமா, அவரை விதை போல வளைந்ததா? மீன் விடுவதா, அல்லி மட்டும் போதுமா? தேதியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஆள் எப்போது வருகிறாரோ அப்போது வேலை, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

மூன்று காண்ட்ராக்டர்களைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டி மதிப்பீடு வாங்கினேன். தொகையில் மூவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நாளில்தான் இருந்தது. முதலாமவர் "அடுத்த வாரமே ஆரம்பிச்சிடலாம், இப்போ வேலை குறைவு, கொஞ்சம் குறைச்சும் தர்றேன்" என்றார். மழைக்காலம் அப்போது பாதி கூட முடியவில்லை. இரண்டாமவர் மழை விட்டு மூன்று நான்கு வாரம் கழித்துத்தான் மண்ணைத் தொடுவேன் என்றார். மூன்றாமவருக்கு அதுவரை கை நிறைய வேலை. கோடைக் கடைசியில், அடுத்த மழைக்கு முன்னால் முடித்துத் தருவதாகச் சொன்னார். இந்த மூன்றும் போதாதென்று நண்பர் ஒருவர் நான்காவதாக ஒன்று சொன்னார்: குழியை இப்போதே யாரையாவது வைத்து வெட்டிவிடு, மற்ற வேலைக்கு நிதானமாக நல்ல ஆளைத் தேடு.

நான்கில் எது? நான் எடுத்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தில் ஆளைக் கூப்பிட்டு இடத்தைப் பார்க்க வைத்து ஒப்பந்தம் போட்டேன். மழை விட்டு மண் பதமானதும் தோண்ட வைத்தேன். அதாவது இரண்டாமவர். ஆனால் எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. கோடைக் கடைசிதான் சரி என்கிற நிலமும் உண்டு.

ஒப்பிடுவதற்கு ஒரு அளவு வேண்டுமே. நான் மனதில் வைத்திருந்தது 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், சராசரி 75 சென்டிமீட்டர் ஆழம். பெருக்கினால் 9 கன மீட்டர். வளைவுகளைக் கழித்தால் கொஞ்சம் குறையும், போகட்டும். 9,000 லிட்டர் தண்ணீர், எடையில் 9 டன். வெட்டி எடுக்கிற மண் இளகி இன்னும் கால் பங்கு பெருகும், ஏறக்குறைய 11 கன மீட்டர். அது எங்கே போகும் என்று வேலைக்கு முன்னால் கேட்காதவர்கள், பிறகு கொல்லையில் ஒரு குன்றோடு வாழ்கிறார்கள்.

மழைக்கு நடுவே, அடுத்த வாரமே

இதில் உள்ள கவர்ச்சியை நான் மறைக்கப் போவதில்லை. ஆள் கிடைக்கிறார். பேரம் பேச இடம் இருக்கிறது. மண் இளகியிருப்பதால் கடப்பாரை சுலபமாக இறங்கும். ஆசை சூடாக இருக்கும்போதே வேலை தொடங்கிவிடும். இந்தக் கடைசிக் காரணத்துக்குத்தான் பலர் விழுகிறார்கள்.

எங்கள் அக்கா வீட்டில் அப்படித்தான் ஆயிற்று. காண்ட்ராக்டர் சொன்ன நாளில் வந்தார், இரண்டே நாளில் குழி வெட்டினார், மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. குழியில் முழங்கால் அளவு தண்ணீர். இறைத்தார்கள், மறுபடி நிரம்பியது. பக்கச் சுவர் ஒரு ஓரத்தில் சரிந்து, திட்டமிட்டதைவிட அரை மீட்டர் அகலமான குளம் தானாகவே உருவானது. பிறகு அவர் "வெயில் வரட்டும்" என்று வேறு வேலைக்குப் போய்விட்டார். ஐந்து வாரம் அந்தக் குழி அப்படியே கிடந்தது. வெதுவெதுப்பான காலத்தில் கொசு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாவதற்கு 7 முதல் 10 நாள் போதும். ஐந்து வாரத்தில் எத்தனை தலைமுறை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகள் விளையாடுகிற வீடு என்றால் கொசுவைவிடப் பெரிய கவலை அந்தத் திறந்த குழிதான். சில சென்டிமீட்டர் தண்ணீரே ஒரு சிறு பிள்ளைக்கு ஆபத்து.

மழையில் தோண்டுவதில் இன்னும் சில வம்புகள் உண்டு. களிமண் நிலத்தில் ஈரத்தோடு இயந்திரத்தை இறக்கினால், குழிக்குப் போகிற வழியெல்லாம் சக்கரத் தடம் பதிந்து மண் இறுகிவிடும். அந்தத் தடத்தில் அடுத்த வருடம் புல்லும் சரியாக முளைக்காது. கரைக்கு மண் போட்டு இடித்து இறுக்குவதும் நடக்காது. சேறாக இருக்கிற மண் திமிசுக் கட்டைக்கு அடியில் நழுவும், இறுகாது. பிறகு அது காய்ந்து தாழும்போது கரையின் மட்டமும் தாழும். தண்ணீரைப் போல ஈவிரக்கமில்லாத ரசமட்டம் வேறு கிடையாது. ஒரு பக்கக் கரை 2 சென்டிமீட்டர் இறங்கியிருந்தாலும் எதிர்ப்பக்கத்தில், தண்ணீர் மண்ணில் இறங்காமல் இருக்கக் குழிக்குள் போடுகிற கறுப்பு ரப்பர் விரிப்பு பட்டையாகத் தெரியும், குளம் இருக்கிற வரைக்கும்.

எல்லாவற்றையும்விட என்னைத் தயங்க வைத்தது வேறொரு விஷயம். மழைக்காலத்தில் ஒழுக்குச் சோதனை செய்ய முடியாது. குளத்தை நிரப்பி, மட்டத்தில் கோடு போட்டு, ஓரிரு நாள் கழித்துப் பார்க்க வேண்டும். வெயிலில் ஆவியாவதையும் ஒழுகுவதையும் பிரித்தறிய, ஒரு வாளியில் தண்ணீர் ஊற்றிக் குளத்துப் படியிலேயே வைப்பார்கள். வாளியிலும் குளத்திலும் ஒரே அளவு இறங்கினால் அது ஆவி, குளத்தில் மட்டும் அதிகம் இறங்கினால் ஒழுக்கு. தினமும் மழை பெய்தால், குளம் ஒழுகினாலும் மேலே நிரம்பிக்கொண்டே இருக்கும். சுற்றியுள்ள தரையிலிருந்து ஓடி வருகிற தண்ணீர் வாளிக்குள் விழாது, குளத்தில் விழும். கணக்கு கெட்டுப்போகும். மூன்று மாதம் கழித்து உண்மை தெரிய வரும்போது காண்ட்ராக்டர் பணம் வாங்கிப் போயிருப்பார்.

நிலத்தடி நீர் மேலே இருக்கிற இடமாக இருந்தால் இன்னொரு வேடிக்கையும் பார்க்கலாம். விரிப்புக்கு அடியில் தண்ணீர் ஊறி அதைத் தூக்கும். குளத்து நடுவில் எருமை முதுகு மாதிரி ஒரு மேடு எழும். குளமாகவே வார்த்து விற்கிற ஃபைபர் தொட்டியைக் காலியாகப் புதைத்திருந்தால் அது ஓடம் போல மிதந்து மேலே வந்துவிடும். இது கதையில்லை, தொட்டி பதிக்கிறவர்கள் உள்ளே தண்ணீர் ஏற ஏற அதே மட்டத்துக்கு வெளியே மண் நிரப்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இத்தனையும் சொன்ன பிறகு மழைக்காலத்துக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும். தோண்டுவதற்கு அது ஆகாத காலம், பார்ப்பதற்கு அதைவிட நல்ல காலம் இல்லை. கொல்லையில் தண்ணீர் எங்கிருந்து எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று அப்போதுதான் தெரியும். பலரும் தாழ்ந்த இடத்தையே குளத்துக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள், தண்ணீர் தேங்குகிற இடம்தானே என்று. விரிப்புப் போட்ட குளத்துக்கு அதுதான் மோசமான இடம். பாத்திகளில் போட்ட உரமும் மண்ணும் ஒவ்வொரு மழைக்கும் அடித்துக்கொண்டு வந்து உள்ளே சேரும், தண்ணீர் பச்சையாகும். அதோடு, குளம் வரப்போகிற ஆழத்துக்கு ஒரு சிறு துளை மட்டும் தோண்டி ஒரு இரவு விட்டுப் பாருங்கள். காலையில் அதில் கீழிருந்து தண்ணீர் ஊறியிருந்தால், எந்த வகைக் குளம், எப்போது என்ற இரண்டு கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும். பார்த்ததும் துளையை மூடிவிடுங்கள்.

காண்ட்ராக்டருக்கும் அப்போது நேரம் இருக்கிறது. வேலை மும்முரத்தில் பத்து நிமிடம் வந்து டேப் பிடித்துவிட்டுப் போகிறவர், மழைக்காலத்தில் ஒரு மணி நேரம் நின்று பேசுவார். எங்கள் இரண்டாமவர் குடையோடு வந்து நின்று, நான் காட்டிய இடத்தை வேண்டாம் என்று சொல்லி நாலடி தள்ளி முளைக்குச்சி அடித்தார். அதற்காகவே அவருக்கு வேலையைக் கொடுக்கலாம் என்று தோன்றியது.

மழை விட்டபின், மண் பதமானதும்

மண் பதம் என்றால் என்ன? ஒரு பிடி மண்ணை அள்ளி இறுக்கிப் பிடியுங்கள். உருண்டையாக நின்று, விரலால் குத்தினால் உதிர வேண்டும். கையில் ஒட்டிப் பளபளத்தால் இன்னும் ஈரம் அதிகம். பிடிக்கவே நிற்காமல் தூளானால் காய்ந்துவிட்டது அல்லது மணல். பதமான மண்ணில் வெட்டிய சுவர் வெட்டிய மாதிரியே நிற்கும். நீர்ச்செடித் தொட்டிகள் வைக்க 20 முதல் 30 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு படி விடுவார்களே, அந்தப் படியின் விளிம்பு கூர்மையாக வரும். இதெல்லாம் அழகுக்காக மட்டும் இல்லை. படி சரிந்தால் விரிப்பு அந்த இடத்தில் தொங்கும், அதன்மேல் கல் வைத்தால் இழுபடும்.

இந்தக் காலத்தின் இரண்டாவது லாபம், பின்னால் நிறைய உலர்ந்த நாட்கள் இருப்பது. காண்ட்ராக்டர் இரண்டு வாரம் தாமதித்தாலும் குடி முழுகிப் போகாது. அவர்கள் தாமதிப்பார்கள். இது குறையாகச் சொல்வதில்லை, முந்தைய வேலை இழுத்தால் அடுத்த வேலை தள்ளத்தானே செய்யும்.

மூன்றாவது, செடியும் மீனும். குளம் தோண்டி முடிந்த நாளில் முடிவதில்லை. மீன் கழிவிலிருந்து வருகிற அமோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் ஃபில்டரில் குடியேற வேண்டும். அதற்கு வெதுவெதுப்பான தண்ணீரில் 4 முதல் 6 வாரம் ஆகும்; 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அவை கிட்டத்தட்டத் தூங்கிவிடும். அதுவரை மீனே விடாமல் இருப்பது நல்லது, விட்டாலும் இரண்டு மூன்றுக்கு மேல் கூடாது. அல்லிக்கு ஒரு நாளைக்கு 5, 6 மணி நேரமாவது வெயில் வேண்டும். மழை விட்டதும் தொடங்கினால் இந்த இரண்டும் கோடை உச்சத்துக்கு முன்னால் நிலைபெற்றுவிடும். இலைகள் நீர்ப்பரப்பில் பாதியை மூடியிருந்தால் பாசிக்கு வெயில் கிடைப்பது குறையும். முதல் சில வாரம் தண்ணீர் பச்சையாகும்தான். பயந்து இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டால் மறுபடி முதலிலிருந்து பச்சையாகும், அவ்வளவே.

குறை என்ன? எல்லோருக்கும் இதே காலம்தான் வேண்டும். தொகையைக் குறைக்க மாட்டார்கள். பெரிய வேலை ஒன்று வந்தால் உங்கள் சின்னக் குளம் தள்ளிப்போகும். அதனால்தான் மழை பெய்துகொண்டிருக்கும்போதே கையெழுத்தாக வேண்டும் என்கிறேன். மழை விட்டபின் போன் செய்கிறவர் வரிசையில் பத்தாவது ஆளாக நிற்பார். மழை விட்ட மறுநாளே தொடங்கவும் முடியாது. மேல்மண் காய்ந்திருக்கும், அடியில் ஊற்று இன்னும் இறங்கியிருக்காது. மூன்று நான்கு வாரம் கழித்து என்று எங்கள் காண்ட்ராக்டர் சொன்னபோது சாக்கு என்று நினைத்தேன். துளை தோண்டிப் பார்த்தபோது அவர் சொன்னது சரியாகவே இருந்தது.

கோடைக் கடைசியில்

இதை உடனே ஒதுக்கிவிட முடியாது. நிலத்தடி நீர் வருடத்திலேயே மிகக் கீழே இருக்கிற காலம் இதுதான். உங்கள் சோதனைத் துளையில் மழை விட்டு இரண்டு மாதம் கழித்தும் தண்ணீர் ஊறினால், வேறு வழியே இல்லை. கோடைக் கடைசியில்தான் தோண்ட வேண்டும். ஆழமான மீன் குளம் வேண்டும் என்கிறவர்களுக்கும் இது பொருந்தும். கோய் மீனுக்கு 1.2 மீட்டராவது ஆழம் கேட்பார்கள், தங்கமீனுக்கு 60 சென்டிமீட்டர் போதும். அந்த ஆழத்தில் ஆள் இறங்கி வேலை செய்யும்போது சுவர் சரிந்தால் அது உயிர் விஷயம். உலர்ந்த மண் எல்லாம் பத்திரம் என்றும் இல்லை, மணல் காய்ந்தால்தான் அதிகம் சரியும். ஆழம் கூடக்கூடப் பக்கத்தைச் சாய்வாக வெட்டுவதா, முட்டுக்கொடுப்பதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஒழுக்குச் சோதனைக்கும் கோடை நேர்மையான காலம். முடித்துவிட்டால், ஆவியாகி இறங்குகிற மட்டத்தைப் பின்னால் வருகிற மழை ஈடுகட்டித் தந்துவிடும்.

முடித்துவிட்டால் என்பதில்தான் சிக்கல். மண் பாறையாக இறுகியிருக்கும். இரண்டு நாள் வேலை நாலு நாளாகும். சோதனைக்கும் செடிக்கும் 9,000 லிட்டர் தண்ணீர் வேண்டும், தண்ணீர் அருமையாக இருக்கிற நேரத்தில். நிரப்பியபின் வெயிலில் ஒரு நாளைக்கு 5 முதல் 10 மில்லிமீட்டர் ஆவியாவது சாதாரணம். 12 சதுர மீட்டர் பரப்புக்கு அது தினமும் 60 முதல் 120 லிட்டர். நடுகிற செடி வெயிலில் வாடும். இதையெல்லாம் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது பின்னால் நிற்கிற மழை. காண்ட்ராக்டர் மூன்று வாரம் தாமதித்தால், கோடைக் கடைசி என்று தொடங்கியது மழைக்கு நடுவே தோண்டுகிற முதல் யோசனையில் போய் முடியும், அக்கா வீட்டுக் குழி மாதிரி. குறைந்தது ஒரு மாதம் இடைவெளி இல்லாமல் இந்தத் தேதிக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். கான்கிரீட் என்றால் ஒரு மாதமும் போதாது.

அந்தக் கணக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்த வகைக் குளம் என்பதும் தேதியை மாற்றும்.

லைனர் என்கிற ரப்பர் விரிப்புக் குளம் தேதிக்குப் பெரிதாகக் கட்டுப்படாது. ஆளும் சாமானும் கையில் இருந்தால் ஒரு வாரத்தில், மிஞ்சிப்போனால் இரண்டு வாரத்தில் தண்ணீர் விட்டுவிடலாம். அளவு முன்கூட்டியே தெரிந்தால் விரிப்பை வாங்கி வைக்கலாம்: நீளத்தோடு அதிகபட்ச ஆழத்தை இரு மடங்காகக் கூட்டி, இரு பக்கக் கரைக்கும் தலா 30 சென்டிமீட்டர் சேர்க்க வேண்டும், அகலத்துக்கும் அப்படியே. ஒரு மீட்டர் அதிகபட்ச ஆழம் என்றால் எங்கள் குளத்துக்கு 6.6 மீட்டருக்கு 5.6 மீட்டர். இதில் கஞ்சத்தனம் கூடாது. குளிரில் விரிப்பு விறைத்துக்கொள்ளும். வெயிலில் ஒரு மணி நேரம் பரத்திப் போட்டால் இளகி மடிப்பு சுலபமாக விழும். உலர்ந்த நாளில் போடச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். அடியில் மெத்தை போன்ற துணியைப் போடாமல் விரிப்பை மண்மேல் நேராகப் போடுகிறவரை அன்றே அனுப்பிவிடலாம்.

கான்கிரீட் வேறு ஜாதி. தோண்ட ஒரு வாரம், கம்பி கட்டிக் கான்கிரீட் போட ஒன்றிரண்டு வாரம். குறைந்தது 7 நாள் விடாமல் ஈரமாக வைத்து நீராற்ற வேண்டும், முழு வலிமைக்கு 28 நாள் என்று கணக்கு. அப்புறம் சிமெண்டின் காரம் தண்ணீரில் இறங்கும். புதுத் தொட்டியில் பி.எச். 10ஐத் தாண்டக்கூடும், மீனுக்கு 7க்கும் 8.5க்கும் இடையில் இருக்க வேண்டும். நிரப்பி, சில நாள் விட்டு, இறைத்து, மறுபடி நிரப்பி என்று ஒன்றிரண்டு வாரம் போகும், உள்பூச்சு அடித்தால் இது குறையும். இதன்பிறகுதான் ஃபில்டர் பழக்க 4 முதல் 6 வாரம். மொத்தம் இரண்டரை முதல் மூன்றரை மாதம். மீன் விட வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள், கோடைக் கடைசியில் கான்கிரீட் குளம் ஏன் தொடங்கக் கூடாது என்று புரிந்துவிடும். கடும் வெயிலில் போட்ட கான்கிரீட் இறுகுமுன்பே மேல்தண்ணீர் ஆவியாகி மயிர்க்கோடு விரிசல் விடும் என்ற தொல்லையும் இருக்கிறது. விடிகாலையிலோ மாலையிலோ போட வேண்டியிருக்கும்.

ஃபைபர் தொட்டிக்கு அது வந்து சேருகிற நாள்தான் தேதி. தொட்டி கைக்கு வருவதற்கு முன்னால் குழி வெட்ட விடாதீர்கள்.

கடுங்குளிர் உள்ள இடங்களில் வசிப்பவர்கள் இதையே கொஞ்சம் மாற்றிப் படிக்கலாம். அங்கே மழைக்குப் பதில் பனி. உறைந்த மண்ணை வெட்ட முடியாது, உருகுகிற மண் சேறு, 5 டிகிரிக்குக் கீழே கான்கிரீட் சரியாக இறுகாது. குளிர்காலத்தில் ஒப்பந்தம், பனி உருகி மண் வடிந்தபின் தோண்டல், கோடை முழுவதும் செடி வேர் பிடிக்க. இலையுதிர் காலத்தில் தோண்டலாமா என்றால், விரிப்புக் குளத்துக்குச் சரி, மீன் மட்டும் அடுத்த வசந்தத்துக்கு.

குழி ஒருவர், மற்றது ஒருவர்

நண்பர் சொன்ன யோசனை செலவைப் பிரித்துப் போடும். நிதானமாகத் தேடவும் நேரம் கிடைக்கும். ஒரே ஒரு இடத்தில் இது உண்மையிலேயே நல்ல யோசனை: கரையை மண் போட்டு உயர்த்தி, தரைமட்டத்துக்கு மேலே தண்ணீர் நிற்கும்படி கட்டுவதாக இருந்தால். புதிதாகக் கொட்டிய மண் தாழும். 15 சென்டிமீட்டர் அடுக்கடுக்காக இடித்துப் போட்டாலும் கொஞ்சம் தாழும். மேட்டை மட்டும் முதலில் போட்டு ஒரு மழைக்காலம் விட்டுவிட்டால், மழையே அதை அமர்த்திக் கொடுத்துவிடும்.

மற்றபடி எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. பிறகு வருகிற ஆள் குழியைப் பார்த்து முதலில் சொல்வது "இது யார் வெட்டினது?" என்பதாகத்தான் இருக்கும். படியின் ஆழம், கரையின் மட்டம், ஓவர்ஃப்ளோ குழாய் எங்கே வர வேண்டும் என்பதெல்லாம் குழி வெட்டும்போதே முடிவாகிற விஷயங்கள். நாளை ஒழுகினால் இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். நடுவில் மாதக்கணக்கில் திறந்த குழி வேறு.

மின்சாரத்தை மட்டும் தனி ஆளிடம் கொடுக்கத்தான் வேண்டும், தகுதியுள்ள எலக்ட்ரீஷியனிடம். பம்புக்குப் போகிற கேபிள் குழாயோடு மண்ணுக்கடியில், கரைக்கல் வைப்பதற்கு முன்பே போயிருக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. கட்டாயம். அவர் வருகிற நாளையும் காண்ட்ராக்டரின் நாட்களுக்குள் பொருத்திவிடுங்கள். இல்லாவிட்டால் கல்லெல்லாம் வைத்த பிறகு பெயர்க்க வேண்டி வரும்.

நாளைத் தாளில் எழுதும்போது

காண்ட்ராக்டரிடம் எல்லோரும் கேட்பது "எப்போ ஆரம்பிப்பீங்க?" நானும் அதைத்தான் கேட்டேன். கேட்க வேண்டியது "ஆரம்பிச்சா எத்தனை நாள் விடாம செய்வீங்க?" என்பது. குழியை வெட்டிப் போட்டுவிட்டால் வேலை தன் கையை விட்டுப் போகாது என்று தொழிலில் எல்லோருக்கும் தெரியும். வெட்டிவிட்டு வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள். அதனால் ஒப்பந்தத்தில் தொடங்கும் தேதியை ஒரு வார இடைவெளியோடு தளர்வாக எழுதினேன். குழி வெட்டிய நாளிலிருந்து தண்ணீர் நிரப்புகிற நாள் வரை 12 நாளுக்கு மேல் போகக்கூடாது என்பதை இறுக்கமாக எழுதினேன். மழை பெய்தால் அந்த நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். அவருக்கும் அதில் ஆட்சேபம் இல்லை, சொல்லப்போனால் தொடங்கும் நாளைத் தளர்த்தியதில் சந்தோஷம்தான்.

அந்த இடைவெளிக்குள் என் பங்குக்கு முடிக்க வேண்டிய வேலைகளும் இருந்தன. தோண்டுகிற இடத்துக்கு அடியில் தண்ணீர்க் குழாய், சாக்கடைக் குழாய், கேபிள் எதுவும் போகவில்லை என்று உறுதி செய்வது முதல் வேலை. குறிப்பிட்ட ஆழத்துக்கு மேல் போனால் அனுமதியோ வேலியோ கேட்கிற ஊர்கள் இருக்கின்றன. அந்த அனுமதிக்கும் நாள் பிடிக்கும். சின்ன பொக்லைனானாலும் உள்ளே வர ஒரு மீட்டர் அகலமாவது வழி வேண்டும். எங்கள் பக்கவாட்டுக் கதவு அதைவிட ஒரு கை குறைவு. நிலையோடு கழற்றி மாட்டினோம். பம்பை முன்னதாகவே வாங்கி வைத்தேன். மீன் குளத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மொத்தத் தண்ணீரும் ஃபில்டர் வழியாகப் போய் வர வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 9,000 லிட்டருக்கு மணிக்கு 4,500 லிட்டர். பெட்டியில் அச்சடித்த எண் தண்ணீரை மேலே தூக்காதபோது உள்ள எண். சின்ன அருவி வைத்தால் அதன் உயரத்தில் எவ்வளவு தரும் என்று பார்த்து வாங்க வேண்டும்.

குழாய்த் தண்ணீரில் நிரப்புகிறவர்களுக்கு ஒன்று. வெறும் குளோரின் என்றால் ஓரிரு நாள் அசைந்துகொண்டே நின்றால் போய்விடும். குளோரமைன் கலந்த தண்ணீர் என்றால் அப்படிப் போகாது, அதை முறிக்கிற மருந்து ஊற்ற வேண்டும். எது கலக்கிறார்கள் என்று குடிநீர் வழங்குகிறவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

பணத்தைக் கண்ணால் பார்க்கிற கட்டங்களோடு கட்டினேன். அட்வான்ஸ் கொஞ்சம். குழி முடிந்து, கரை முழுவதும் தண்ணீர் நிரப்பிய டியூபால் மட்டம் பிடித்து நான் பார்த்தபின் ஒரு பங்கு. விரிப்புப் போட்டு நிரப்பி, வாளிச் சோதனை மூன்று நாள் சரியாக இருந்தபின் பெரிய பங்கு. கல்லும் செடியும் முடிந்தபின் இன்னொரு பங்கு. பத்தில் ஒரு பங்கை முதல் கனமழை வரை நிறுத்தி வைப்பேன் என்றேன். ஓவர்ஃப்ளோ வேலை செய்கிறதா, நிரம்பிய தண்ணீர் கரையை அரிக்காமல் போக வேண்டிய பக்கம் போகிறதா என்று உலர்ந்த காலத்தில் கட்டிய குளத்தில் பார்க்க முடியாது. நான் தேர்ந்தெடுத்த காலத்தின் குறை இது. முழுசாகச் சோதிக்க அடுத்த மழைக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

வேலை 12 நாளில் முடியவில்லை, 14 ஆயிற்று. குளத்தில் அல்லி பரவி, மீன் விட்டு மாதங்கள் ஆனபின் ஒரு ராத்திரி நல்ல மழை. மறுநாள் காலையில் நான் போன் செய்வதற்கு முன்னால் அவரே வந்துவிட்டார். கரையைச் சுற்றி நடந்து, குந்தி உட்கார்ந்து ஓவர்ஃப்ளோ வாயில் கையை விட்டு இரண்டு இலையையும் ஒரு தவளையையும் வெளியே எடுத்தார். "இதுக்கு ஒரு வலை போடணும் சார், நான் மறந்துட்டேன்" என்றார். மத்தியானம் வலை போட்டுவிட்டு மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார்.